வில்லுக்கு எந்த மரம்?

வாசகர் கேள்விகளுக்குக் கோத்தகிரித் தச்சர் பதில்

போன மாத இதழில், கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு நண்பரின் தேயிலைத் தோட்டத்து மேட்டில் நாங்கள் நடத்திய பழங்காலப் போர்க்காட்சியைப் பற்றி எழுதியிருந்தேன். ரீஎனாக்ட்மென்ட் என்று இப்போது சொல்கிறார்களே, அதுதான். 1415-இல் பிரான்சில் அஜின்கோர்ட் என்ற ஊரில் நடந்த போரில் இங்கிலாந்து வில்லாளிகள் என்ன உடுத்தி, எந்த மாதிரி வில்லைப் பிடித்து நின்றார்களோ, அந்த மாதிரியே நிற்பது. வில் எல்லாம் கையால் செதுக்கியவை. அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் பட்டறை மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. முடிந்தவரை இந்த இதழில் பதில் சொல்கிறேன்.

நான் யார் என்று கேட்டவர்களுக்கு: அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் தச்சர். நானும் அதே வேலையில் 31 வருடம் இருந்தேன். ஒரு விடுதிப் பள்ளியில் நாடகத்துக்கு என்று பன்னிரண்டு வில் கேட்டார்கள். மேடையில் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கத்தான். செய்து முடித்த முதல் வில்லில் நாணைக் கட்டி லேசாக இழுத்துப் பார்த்தேன். மரம் கைக்குள் உயிரோடு அசைந்தது. அன்றைக்குப் பிடித்த வேலையை இன்னும் விடவில்லை.

இங்கிலாந்து நெடுவில்லை யூ மரத்தில் செய்வார்கள் என்று படித்தேன். நீலகிரியில் அது எங்கே கிடைக்கும்? கிடைக்காவிட்டால் வேறு எதில் செய்யலாம்?
— கல்லூரி மாணவர், கூடலூர்

கிடைக்காது. அதன் உறவு மரம் ஒன்று இமயமலையில் வளர்கிறது, நம் மலையில் இல்லை. ஆனால் யூ மரத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், இங்கே எதைத் தேட வேண்டும் என்பது புரிந்துவிடும்.

வில்லை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கிற வெளிப்பக்கம் இழுபடுகிறது, நம்மைப் பார்க்கிற உட்பக்கம் நசுங்குகிறது. யூ மரத்தின் வெள்ளைப் பகுதி நன்றாக இழுபட்டுக் கொடுக்கும். உள்ளே இருக்கும் வைரம், அதாவது முற்றிய நடுக்கட்டை, நசுங்கினாலும் திரும்ப எழும். அதனால் இரண்டும் சேர்கிற இடத்தில் கட்டையைப் பிளந்து, வெள்ளையை வெளிப்பக்கமும் வைரத்தை உட்பக்கமும் வைத்துச் செதுக்கினார்கள். ஒரே கட்டையில் இரண்டு குணம். ஆனால் அந்த மரம் இங்கிலாந்துக்கே போதவில்லை. ஐரோப்பாவிலிருந்து சரக்கு கொண்டுவரும் கப்பல்கள் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில் கட்டை சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று 1472-இல் சட்டமே போட்டார்கள். சாதாரண ஜனங்கள் ஆஷ், எல்ம் போன்ற மரங்களிலும் வில் செய்துகொண்டார்கள். அதனால் யூ இல்லாத வில் பொய் வில் என்று யாராவது சொன்னால் கவலைப்பட வேண்டாம்.

சரி, நம் ஊருக்கு வருவோம். கூடலூர்க்காரரான உங்களுக்குத் தடசு மரம் தெரிந்திருக்கும். உன்னு என்றும் சிலர் சொல்வார்கள். கோடாரிக் காம்புக்கும் வண்டி ஏர்க்காலுக்கும் பேர்போன மரம், வில்லுக்கும் பழைய காலத்திலிருந்து பயன்பட்டது. அதிர்ச்சியைத் தாங்கும், வளைந்து கொடுக்கும். நான் செய்ததில் மிக நல்ல வில் தடசில்தான் அமைந்தது. மேட்டுப்பாளையத்தில் ஒரு மரக்கடையில் பழைய வண்டிச் சட்டமாகக் கிடந்த கட்டை அது. அடுத்தது கொய்யா. உண்டிவில்லுக்குக் கவட்டை தேடின பிள்ளைகள் ஏன் நேராகக் கொய்யா மரத்துக்குப் போனார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஒடியாது. ஆனால் ஆறடிக்கு நேராக ஒரு கொய்யாக் கிளை கிடைப்பது அபூர்வம். அதனால் சிறுவர் வில்லுக்குத்தான் அதை வைத்துக்கொள்கிறேன்.

கல் மூங்கிலை நான் முதல் இடத்தில் வைப்பேன், புதிதாகத் தொடங்குகிறவருக்கு. உள்ளே பொந்து சிறிது, சுவர் கனம். மூன்று நான்கு வருடம் முற்றியதாக இருக்க வேண்டும். பச்சை மினுமினுப்புப் போய், தட்டினால் கணீரென்று கேட்கும். மூங்கிலின் தோல் பக்கம்தான் இழுவிசைக்குப் பலம், அதனால் தோல் எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. உட்பக்கத்தில் மட்டும் சீவுங்கள்.

நம் மலையில் நிறையக் கிடைக்கிற மரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சில்வர் ஓக்கில் மூன்று முறை முயன்றேன், மூன்றும் சடக்கென்று போனது. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், காயும்போது முறுக்கிக்கொள்கிறது. சைப்ரஸ் எனக்குச் சரிவரவில்லை. சீகை மரத்தில், அதாவது வாட்டிலில், நார் நேராக ஓடும் கட்டை கிடைத்தால் 25, 30 ராத்தல் வில், அதாவது முழுதாக இழுக்க அத்தனை பவுண்டு விசை கேட்கிற வில் வரும். சோலை மரம் எதையும் தொடாதீர்கள். நம் சொந்த நிலத்தில் நிற்கிற மரத்தை வெட்டுவதற்கும் மலைப்பகுதியில் அனுமதி வேண்டும், 1955-இலிருந்தே அதற்குச் சட்டம் இருக்கிறது. மரக்கடை, பழைய சட்டம், கவாத்து செய்த கிளை, இவையே போதும்.

கட்டை கிடைத்ததும் இரண்டு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசிவிடுங்கள். இல்லாவிட்டால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும். பிறகு ஒரு வருடம் காற்றோட்டமான நிழலில் கிடக்கட்டும்.

இரண்டு மாதம் உழைத்துச் செய்த வில் மூன்றாம் நாளே ஒடிந்துவிட்டது. மரம் நல்ல மரம்தான். எங்கே தவறினேன்? உடைந்த துண்டின் படம் அனுப்பியிருக்கிறேன்.
— தச்சுத் தொழிலாளி, குன்னூர்

படத்தைப் பார்த்ததுமே எனக்கு என் நெற்றித் தழும்பு நினைவு வந்தது. உங்கள் வில் வெளிப்பக்கத்தில் சாய்வாகச் செதிள் கிளம்பி ஒடிந்திருக்கிறது. என் இரண்டாவது வில்லும் அப்படித்தான். அழகாக இருக்க வேண்டும் என்று இழைப்புளியால் வெளிப்பக்கத்தை வழவழவென்று இழைத்திருந்தேன். 24 அங்குலம் இழுத்தபோது சத்தம் கேட்டது. அடுத்த நொடி ஒரு சிம்பு வந்து புருவத்துக்கு மேல் அடித்தது. கோத்தகிரியில் நான்கு தையல் போட்டார்கள்.

நாற்காலி செய்கிற நமக்கு நேர்கோடுதான் பழக்கம். மரத்தின் நார் கொஞ்சம் வளைந்து போனாலும் நாம் நேராக இழைத்துவிடுவோம். வில்லில் அது கூடாது. வெளிப்பக்கத்தில் ஒரே வளையம், ஒரே நார், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அறுபடாமல் ஓட வேண்டும். நார் பாம்பு போல வளைந்தால் வில்லும் வளைந்தே இருக்கட்டும். கணு வந்தால் அதைச் சுற்றிக் கொஞ்சம் மேடாக விட்டுவிடுங்கள். அதனால்தான் ரம்பத்தில் அறுத்த கட்டையைவிட ஆப்பு வைத்துப் பிளந்த கட்டை நல்லது என்கிறேன். பிளக்கும்போது மரம் தன் நார் வழியாகவே பிரிந்து, நமக்கு வழியைக் காட்டிவிடுகிறது.

இன்னொரு தவறும் படத்தில் தெரிகிறது. வில்லின் கீழ்ப்பாதி மேல்பாதியைவிடக் கனம். அப்படியென்றால் மேல்பாதி மட்டும் எல்லா வளைவையும் தாங்கியிருக்கிறது. வளைவைச் சமப்படுத்துவதுதான் இந்த வேலையிலேயே நீண்ட வேலை. நான் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

பட்டறைச் சுவரில் அங்குலத்துக்கு ஒரு கோடு சாக்கட்டியால் போட்டிருக்கிறேன். வில்லின் நடுப்பகுதியை ஓர் ஆணித்தாங்கியில் உட்கார வைத்து, நாணை ஒரு கயிற்றில் கட்டி, கயிற்றைக் கீழே உருளையில் விட்டு, பத்தடி தள்ளி நின்று இழுப்பேன். தள்ளி நிற்பதற்கு இரண்டு காரணம். ஒடிந்தால் முகத்தில் படாது. அதோடு முழு வில்லையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். எந்த இடம் விறைப்பாக நிற்கிறதோ, அங்கே உட்பக்கத்தில் கண்ணாடிச் சில்லால் பத்து முறை சுரண்டுவேன். மறுபடி இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்து விடுவேன். அப்புறம்தான் அடுத்த அங்குலம். எங்கே வளைவு கூடுதலாகத் தெரிகிறதோ அந்த இடத்தைத் தொடவே மாட்டேன், மற்ற இடங்களைக் குறைப்பேன். வில் எத்தனை ராத்தல் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேனோ, அதற்கு மேல் ஒருபோதும் இழுப்பதில்லை. எடை பார்க்கக் கயிற்றில் இலை நிறுக்கிற தொங்கு தராசைத்தான் மாட்டியிருக்கிறேன். தோட்டத்தில் வேலைக்கு ஆகாது என்று கழித்துப்போட்டது, ராத்தல் கணக்கு கிலோவில் வருகிறது, அவ்வளவுதான்.

28 அங்குலம் இழுக்கிற ஆளுக்கு வில் ஐந்தரை அடிக்குக் குறையக் கூடாது. ஆறடி இருந்தால் நிம்மதி. உங்கள் வில் ஐந்தடி என்று எழுதியிருக்கிறீர்கள். மரம் பாவம்.

அடுத்த வில்லுக்குக் கட்டை வேண்டுமானால் பட்டறைக்கு வாருங்கள், ஒரு தடசுத் துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உண்மையான இங்கிலாந்து வில்லின் இழுவிசை எவ்வளவு? நாங்கள் போர்க்காட்சியில் அதே அளவு வில்லைப் பயன்படுத்த ஆசைப்படுகிறோம்.
— இளைஞர் குழு, திண்டுக்கல்

இதில் ஊகம் நிறைய இருந்தது, ஒரு கப்பல் வெளியே வரும் வரை. 1545 ஜூலை 19 அன்று போர்ட்ஸ்மவுத் கடற்கரைக்கு அருகில் மேரி ரோஸ் என்ற போர்க்கப்பல் மூழ்கியது. 1982-இல் அதைத் தூக்கினார்கள். சேற்றுக்குள்ளிருந்து 130-க்கும் மேற்பட்ட முழு வில்களும் ஆயிரக்கணக்கான அம்புகளும் கிடைத்தன. வில்கள் பெரும்பாலும் ஆறடிக்கு மேல். அவற்றின் இழுவிசை 100 முதல் 185 ராத்தல் வரை இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிலோவில் 45-லிருந்து 84. ஒரு சிமென்ட் மூட்டையை மூன்று விரலில் மாட்டி இழுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப.

அது ஒரு வாழ்நாள் பயிற்சி. ஞாயிறும் பண்டிகை நாளும் ஆண்கள் வில் பழக வேண்டும் என்று 1363-இல் இங்கிலாந்து அரசர் ஆணையிட்டார். சின்ன வயதில் சின்ன வில், வளர வளரப் பெரிய வில். மேரி ரோஸில் கிடைத்த எலும்புக்கூடுகள் பலவற்றில் தோள்பட்டை எலும்பின் நுனி, வயதாகியும் சேராமல் தனியாகவே நின்றிருந்தது. இளம் வயதிலிருந்து அத்தனை பாரத்தை இழுத்ததால் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நான் அதைப் படித்த அன்று வெகுநேரம் வேலை ஓடவில்லை. நாம் வேடம் போடுகிற அந்த மனிதர்களின் உடம்பிலேயே வில் எழுதிவிட்டுப் போயிருக்கிறது.

அதனால் தம்பிகளே, உங்களுக்கு 30 ராத்தல் போதும். எதிரே ஆள் நிற்கிற காட்சியில் வெளிநாட்டுக் குழுக்களும் அந்த அளவில்தான், முனையில் தடித்த ரப்பர் குமிழ் மாட்டிய அம்போடு, மேல்நோக்கி வளைவாக எய்கிறார்கள். நாங்கள் அதையும் செய்வதில்லை. எங்கள் காட்சியில் வில்லாளிகளுக்கு முன்னால் வெறும் சரிவும் வைக்கோல் இலக்கும்தான். ஆள் யாரும் வில்வரிசையைத் தாண்டினால் நான் விசில் ஊதுவேன், எல்லா வில்லும் தரையைப் பார்க்க வேண்டும். ஒரு முறை பார்வையாளர் பக்கத்திலிருந்து நாய்க்குட்டி ஒன்று குறுக்கே ஓடியது. பதினெட்டு வில்லும் ஒரே நேரத்தில் தாழ்ந்தன. அன்றைய காட்சியில் எனக்கு மிகவும் பெருமையான நேரம் அதுதான்.

இன்னொன்று. அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் மரத்துக்குத் திரும்பும், மர வில் அதிலேயே உடைந்துபோகும்.

உடுப்புக்கு என்ன செய்கிறீர்கள்? தோடர்களின் பூத்தையல் சால்வையைப் போர்த்தினால் பழங்காலத் தோற்றம் வருமா? குளிருக்கும் ஆகுமே.
— ஆசிரியை, உதகை

வேண்டாம் அம்மா. அது பூத்துக்குளி. இன்றும் அந்த மக்கள் சடங்குக்கும் சாவுக்கும் போர்த்துகிற துணி. 2013-இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை வாங்கி மரியாதையாகப் போர்த்திக்கொள்ளுங்கள், பிரெஞ்சுப் போர்க்கள வேடத்துக்கு இழுக்க வேண்டாம்.

வேடத்துக்கு உள்ளே லினன் சட்டை, மேலே முழங்கால் எட்டும் கம்பளி அங்கி, இவ்வளவுதான் முக்கியம். சாயம் போடாத பழைய கம்பளிப் போர்வையை வெட்டித் தைக்கிறோம். என் மனைவிதான் எல்லாவற்றையும் கைத்தையலாகத் தைத்தார், மெஷின் தையல் பக்கத்தில் வந்தால் தெரிந்துவிடும் என்று. நிறத்துக்கு மஞ்சிட்டி வேர். இங்கிலாந்தில் சிவப்புக்குப் பயன்படுத்தியது மஞ்சிட்டிக்கு உறவுக் கொடிதான். படிகாரத் தண்ணீரில் ஊறவைத்த கம்பளியை மஞ்சிட்டிச் சாற்றில் கொதி வராமல் சூடு காட்டினால் செங்கல் நிறம் வரும். கொதித்துவிட்டால் பழுப்படிக்கும்.

பாலியெஸ்டரைக் கண்டிப்பாகத் தவிர்க்கவும். காட்சி முடிந்து எல்லோரும் நெருப்பைச் சுற்றித்தான் உட்காருவோம். பொறி பட்டால் கம்பளி கருகி அணையும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும்.

இடது கைக்குத் தோல் காப்பு அவசியம், நாண் அடித்தால் முழங்கை வரை கன்றிப்போகும். ரெக்சின் வேண்டாம், செருப்புத் தைப்பவரிடம் ஒரு துண்டுத் தோல் கேட்டால் கொடுப்பார். முதுகில் தூணி மாட்டுவது சினிமாவில் பார்த்தது. அந்த வில்லாளிகள் அம்பை இடைவாரில் செருகிக்கொண்டார்கள், அல்லது துணிப்பையில் இடுப்பில் தொங்கவிட்டார்கள். கட்டுக்கு 24 அம்பு.

தோடர்களிடமும் வில் உண்டு என்று கேள்விப்பட்டேன். அவர்கள் வேட்டையாடுவதில்லையே, பின் எதற்கு?
— வாசகி, வெலிங்டன்

கேட்டதற்கு நன்றி. நம் மலையின் மிக அருமையான வில் அதுதான் என்று நான் நினைக்கிறேன், அது எதையும் எய்வதில்லை.

தோடர் பெண் ஒருத்தி கருவுற்று ஏழாம் மாதம் ஆகும்போது, ஆண் அவளுக்கு ஒரு சிறு வில்லும் அம்பும் கொடுப்பார். வில் புதர்ச்செடிக் குச்சியை வளைத்தது, அம்பு ஒரு புல் தாள். மரத்தில் மாடம் போல் குடைந்து அதில் விளக்கு வைத்திருப்பார்கள். அவள் வில்லை நெற்றியில் தொட்டு அந்த விளக்கைப் பார்ப்பாள். வில்லைக் கொடுத்தவரே குழந்தைக்குத் தகப்பன் என்பது அன்றைக்கு ஊரறிய நிலைபெறுகிறது. இங்கே வந்து தங்கி ஆய்வு செய்த ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-இல் வெளியான தம் நூலில் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார்.

ஒரு கடைக்காரர் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்க அந்த மாதிரி வில் நூறு செய்து தரச் சொன்னார். மறுத்துவிட்டேன். ஒரு குழந்தைக்கு அப்பா யார் என்று சொல்கிற பொருளைச் சாவிக்கொத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை.

ஏன் இங்கிலாந்து வில்? நம்மிடம் வல்வில் ஓரி இல்லையா? தமிழ் வில்லாளி வேடம் போடக் கூடாதா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பழனி

ஐயா, உங்கள் கேள்வியில் இருக்கிற வருத்தம் எனக்கும் உண்டு. கொல்லிமலை ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றில் இருந்த உடும்பில் போய்த் தைத்ததாக வன்பரணர் பாடியது புறநானூற்றில் 152-ஆம் பாட்டு. சேரருக்குக் கொடியிலேயே வில். கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த அவர்கள் காசுகளிலும் வில்லும் அம்பும் இருக்கின்றன. தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்து நடுகற்களில் ஆநிரை மீட்டுச் செத்த வீரர் வில்லோடு நிற்கிறார்.

என் சிக்கல் என்னவென்றால், கல்லிலும் காசிலும் வில்லின் உருவம் தெரிகிறது, உடம்பு தெரியவில்லை. என்ன மரம், நடுவில் எத்தனை விரற்கடை கனம், நாண் எந்த நார் என்று அளந்து பார்க்க ஒரு வில் கையில் வேண்டும். நம் வெயிலிலும் கரையானிலும் மரம் அத்தனை காலம் மிஞ்சுவது அரிது. மேரி ரோஸ் வில்கள் சேற்றுக்குள் கிடந்ததால் தப்பின. அதனால் இங்கிலாந்து வில்லை நான் அளவோடு செய்ய முடிகிறது. ஓரி வில்லைச் செய்தால் பாதி என் கற்பனை. அந்தக் கற்பனையை ஓரியின் பெயரில் பிள்ளைகள் முன்னால் வைக்க எனக்குத் தயக்கம்.

ஆனால் நடுகல் வேடம் ஒன்று செய்யலாம் என்று தோன்றுகிறது. கல்லில் தெரிகிற உயரம், வளைவு, இடுப்புக் கச்சு, இவற்றை அளந்து, மூங்கிலில் வில் செய்து, இது இன்ன ஊர்க் கல்லைப் பார்த்துச் செய்தது, மரம் மட்டும் எங்கள் தேர்வு என்று பலகையில் எழுதி வைத்துவிட்டு நிற்பது. நீங்கள் எழுத்தைப் படித்துச் சொல்ல வருவீர்களானால் தர்மபுரிக்கு வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன்.

கொடைக்கானல் காட்டுக்குள் வில்லோடு போய்ப் படம் எடுக்கலாமா?
— புகைப்படக் கலைஞர், பெரியகுளம்

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்பதற்கான விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயரோடு வருகின்றன. 2013-இலிருந்து கொடைக்கானல் காடு சரணாலயம். அம்பு ரப்பர் முனை என்று நீங்கள் சொல்வது சோதனைச் சாவடியில் எடுபடாது. பட்டா நிலத்தில், உரிமையாளர் அனுமதியோடு எடுங்கள்.

மழைக்காலத்தில் என் வில் தொய்ந்துவிட்டது. நாணைக் கழற்றினாலும் வளைந்தே நிற்கிறது. சரிசெய்ய முடியுமா?
— வாசகர், கோத்தகிரி

நம் ஊர் ஐப்பசி கார்த்திகை மழை வில்லுக்குப் பெரிய சோதனை. மரம் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும். காற்று காய்ந்திருக்கும்போது மரத்தில் ஈரம் நூற்றுக்கு ஒன்பது பங்கு என்றால், நம் மழைநாளில் அது பதினாறு வரை போகும். ஈர மரம் நசுங்கினால் திரும்ப எழாது. அதுதான் தொய்வு. அடுப்புக்கு மேல் பரணில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள், நெருப்புக்கு நேர் மேலே வேண்டாம். கொஞ்சம் தேறும், முழுதாகத் திரும்பாது. அடை மழை நாட்களில் நான் வில்லைத் தொடுவதே இல்லை. சித்திரையில் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போனாலோ நேர்மாறான கவலை, மரம் வறண்டு வெடித்துவிடும். முதல் நாள் பாதி இழுவைக்கு மேல் போக மாட்டேன்.

எய்து முடித்ததும் நாணைக் கழற்றிவிட வேண்டும். சணல் அல்லது லினன் நாண் என்றால் தேன்மெழுகை நன்றாகத் தேயுங்கள், மெழுகுக்குக் கோத்தகிரியில் பஞ்சம் இல்லை. 1346-இல் கிரெசி போரில் மழை கொட்டியபோது இங்கிலாந்து வில்லாளிகள் நாணைக் கழற்றித் தலைக்கவசத்துக்குள் வைத்துக்கொண்டார்கள் என்று அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. எங்கள் பிள்ளைகள் இப்போது அதையேதான் செய்கிறார்கள், கம்பளித் தொப்பிக்குள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். எனக்கு வில் செய்ய வேண்டும். அம்மா கத்தியைத் தொடாதே என்கிறார். என்ன செய்வது?
— மாணவி, கொடைக்கானல்

அம்மா சொல்வது சரிதான் கண்ணு, கத்தி வேலையைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யலாம். அதுவரை கத்தி இல்லாமல் செய்ய ஒரு வேலை தருகிறேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் கூடை முடைகிறவரோ பந்தல் போடுகிறவரோ இருந்தால், முற்றிய கல் மூங்கில் பட்டை ஒன்று, உன் நெற்றி உயரத்துக்கு, இரண்டு விரல் அகலத்தில் பிளந்து தரச் சொல். தோல் பக்கத்தில் கீறல் இருந்தால் வாங்காதே. அதை ஒரு முனையைத் தரையில் ஊன்றி, நடுவில் உள்ளங்கையால் மெதுவாக அழுத்து. எந்த இடம் முதலில் வளைகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று பார்த்து, அசையாத இடத்தில் உட்பக்கம் பென்சிலால் கோடு போடு. பட்டையைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி செய். ஒரு வாரம் தினமும் பார். கணு எத்தனை வருகிறது, நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் என்று அளந்து, பென்சில் கோடுகளோடு ஒரு தாளில் வரைந்து அனுப்பு. எங்கே எவ்வளவு சுரண்ட வேண்டும் என்று அதே தாளில் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.